புதுப்பிப்பு: 50,000 ரூபாவுக்குள் வீடு கிடைத்துவிட்டது (தெஹிவளை)

போன மாதம், கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் மாதம் 50,000 ரூபாவுக்குள் இரண்டு அறை வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "விளம்பரம் பார்ப்பதை விடுங்கள், பக்கத்தில் இருக்கும் தெஹிவளை ஒழுங்கைகளில் நடந்து கடைகளில் விசாரியுங்கள்" என்ற யோசனைதான். ஒரு பலசரக்குக் கடைக்காரர் காட்டிவிட்ட மேல்மாடி அனெக்ஸ் (ஒரு வீட்டோடு சேர்ந்த தனிக் குடியிருப்பு). வாடகை 45,000, ஆறு மாத முற்பணம், தரகர் காசு இல்லை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பிடிக்க ஏழு நிமிட நடை.

எதிர்பாராதது கரண்ட் பில். கீழ்வீட்டோடு ஒரே மீட்டர்! அலகு கூடக்கூட ஒரு அலகின் விலையும் ஏறுவதால் இரண்டு வீட்டுக்கும் அடி. எங்கள் பாவனையை மட்டும் தனியாகக் காட்டும் சப் மீட்டர் பொருத்துவதாக ஒப்பந்தத்தில் எழுதவைத்தேன். அலகு விலை குறையாது, பில்லைப் பங்கு பிரிக்கும் சண்டை மட்டும் இல்லை. முற்பணம் கொடுக்க முன் மீட்டர்ப் பெட்டியைப் பாருங்கள்.