நாதஸ்வரம் தானாக ஊத வேண்டுமா?

செந்தூல்காரன்:
"காசு கொடுப்பவர் கேட்பதைச் செய்து கொடுப்பதுதான் டிசைனர் வேலை, மற்றதெல்லாம் வேஷம்" என்று நேற்று ஒருவர் இங்கே அளந்துவிட்டுப் போனார். அவர் செய்த கல்யாண மண்டப இணையதளத்தை, கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறியதும் போனில் திறந்தேன். திரையைத் தொட்டதும் நாதஸ்வரம்! மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கும் வரை எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நிறுத்தப் பொத்தான் இல்லை. மண்டபத்தின் போன் நம்பர் படத்துக்குள் இருக்கிறது. அழுத்தினால் அழைப்பு போகாது.

பட்டர்வொர்த்_பையன்:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். முதலாளிக்கு மங்கள இசை வேண்டும், பணம் அவருடையது. உங்கள் காதுக்கு நான் பில் போடவில்லை.

செந்தூல்காரன்:
மண்டபத்தை முதலாளியே வாடகைக்கு எடுக்கப் போகிறாரா? பக்கம் திறந்ததும் சத்தம் வருவதை குரோம் 2018இலேயே தடுத்துவிட்டது. நீங்கள் விரல் படும்வரை காத்திருந்து ஊத வைத்திருக்கிறீர்கள். தானாக ஓடும் ஒலி 3 வினாடியைத் தாண்டினால் நிறுத்த வழி வேண்டும் என்று டபிள்யூசிஏஜி, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கம் செய்வதற்கான விதி, 2008இலிருந்து சொல்கிறது. கண் தெரியாதவர் திரையைப் படித்துச் சொல்லும் குரலைக் கேட்பாரா, உங்கள் தவிலைக் கேட்பாரா?

பட்டர்வொர்த்_பையன்:
தவில் இல்லை. நாதஸ்வரம் மட்டும்தான்.

செந்தூல்காரன்:
இருக்கிறது. 12ஆவது வினாடியில். மறுபடி போட்டுக் கேட்டேன்.

செராஸ்_அக்கா:
முதலாளிகளிடம் விதியைக் காட்டினால் கொட்டாவி விடுவார்கள் தம்பி. நான் அவர் வீட்டம்மா கையில் போனைக் கொடுத்து, "ஒரு தேதி புக் செய்யுங்கள்" என்பேன். அவர் தடுமாறுவதைப் பார்த்ததும் முதலாளியே மாற்றச் சொல்லிவிடுவார்.

பட்டர்வொர்த்_பையன்:
அதற்கெல்லாம் கேஎல் சம்பளம் வேண்டும் அக்கா. இது 800 ரிங்கிட் வேலை.

செராஸ்_அக்கா:
800க்கு இறக்கிச் சந்தையைக் கெடுத்தது யாராம்? போன வருடம் என் மளிகைக்கடை வாடிக்கையாளரைப் பாதி விலை சொல்லித் தூக்கினீர்களே.

பட்டர்வொர்த்_பையன்:
அவராகத்தான் வந்தார்.

செந்தூல்காரன்:
விலைக் கணக்கை அப்புறம் பாருங்கள். நிறுத்தப் பொத்தான் வைக்க எத்தனை ரிங்கிட்?

பட்டர்வொர்த்_பையன்:
வைத்தால் "எதுக்குத் தம்பி நிறுத்தணும்?" என்று முதலாளி கேட்பார்.

செந்தூல்காரன்:
பதில் சொல்லத்தானே டிசைனர்! சரி, போன் நம்பர்?

பட்டர்வொர்த்_பையன்:
படத்தில்தான் எடுப்பாக இருக்கிறது. அப்புறம், அது தவில் இல்லை.

செந்தூல்காரன்:
தவில்தான்.

செராஸ்_அக்கா:
மளிகைக்கடைக்கு இன்னும் பதில் வரவில்லை.