நாலாவது எச்சரிக்கையையும் மூடிவிட்டேன்

கம்ப்யூட்டரில் மருந்துச்சீட்டு எழுதுகிறவர்கள், அந்த எச்சரிக்கைப் பெட்டிகளோடு பட்ட பாட்டைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் ஒரு அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், சிறுநீர்த் தொற்றோடு வந்தார். வெளியே நீண்ட வரிசை. பழைய மாத்திரைகளை ரிப்பீட் போட்டு, கூடவே கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் தட்டினேன். மஞ்சள் பெட்டி: இரும்புச்சத்தும் கால்சியமும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. மூடினேன். அடுத்தது, பாராசிட்டமால் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதாம் (அதை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது, பட்டியலிலிருந்து யாரும் எடுக்கவில்லை). மூடினேன். அப்புறம், வயதானவர், சிறுநீரகத்தைக் கவனிக்கவும். அதையும் மூடினேன். நாலாவது பெட்டியும் அதே மஞ்சள்தான், 'தொடர்க' பட்டனும் அதே மூலையில்தான். காரணம் எழுதச் சொன்னது, ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி வைத்தால் விட்டுவிடும் என்பது எங்கள் பிரிவில் எல்லாருக்கும் தெரியும்.

அரைமணி கழித்து மருந்தகத்திலிருந்து போன். "டாக்டர், இவங்க மெத்தோட்ரெக்சேட்ல இருக்காங்களே, தெரிஞ்சுதான் போட்டீங்களா?" எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டும் ஃபோலேட் என்ற வைட்டமினை முடக்குகிற மருந்துகள், போதாததற்கு மெத்தோட்ரெக்சேட் சிறுநீரில் வெளியேறுவதும் குறையும், ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும், உயிர் போனதும் உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அந்த நாலாவது பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஏனென்றால் நான் படிக்கவே இல்லை.

---

நான் மருந்தகப் பக்கம். போன் செய்தவர் நல்லவர், ஆனால் எங்களை ரொம்பப் புகழ வேண்டாம், நீங்கள் மூடுகிற பெட்டி எங்கள் திரையிலும் வரும், பாதி நாள் நாங்களும் 'டாக்டர் பார்த்திருப்பார்' என்று மூடுகிறோம். நீங்கள் 'மருந்தகத்தில் பார்த்துக்கொள்வார்கள்' என்று மூடுகிறீர்கள். 2013-ல் அமெரிக்காவில் நடந்தது இதேதான், மருந்தும் இதே கோ-ட்ரைமாக்சசோல். 16 வயதுப் பையனுக்கு 160 மில்லிகிராம், அதாவது ஒரே ஒரு மாத்திரை கொடுக்க நினைத்து டாக்டர் 160 என்று அடித்தார். யூனிட் இருந்ததோ 'கிலோவுக்கு மில்லிகிராம்' என்று. எடையால் பெருக்கி 38½ மாத்திரை என்று கணக்குப் போட்டது கம்ப்யூட்டர். டோஸ் அதிகம் என்று எச்சரிக்கையும் கொடுத்தது. டாக்டர் தாண்டினார், மருந்தாளுநரும் தாண்டினார், இயந்திரம் மாத்திரைகளை எண்ணிக் கட்டியது, நர்ஸ் கொடுத்தார். வலிப்பு வந்து, நல்லவேளையாகப் பிழைத்தான். 38½ என்று பார்த்ததும் யாருக்காவது உறைத்திருக்க வேண்டாமா என்று கேட்பது சுலபம். கவுன்ட்டரில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

---

எங்கள் இடத்தில் எந்த எச்சரிக்கை வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்கிற குழுவில் இருக்கிறேன், திட்டுகிறவர்கள் என்னைத் திட்டலாம். 2006-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பிலேயே 49 முதல் 96 சதவீத எச்சரிக்கைகளை டாக்டர்கள் தாண்டிவிடுகிறார்கள் என்று இருக்கிறது, ஆகவே தனி ஆளைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. பென்சிலின் அலர்ஜி என்று பதிவானதைத் தோண்டினால், எப்போதோ ஒருநாள் வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். அதற்கும் பெட்டி வருகிறது. குறைக்கலாம் என்றால், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்பார்கள், கையெழுத்துப் போட ஆள் இருக்காது. சண்டை போட்டுத்தான் இரும்பு-கால்சியம் வகையறாவை அணைத்தோம். மெத்தோட்ரெக்சேட்டைத் தினசரி என்று எழுதினால் மட்டும் சிவப்பாக வந்து, மேலே போக விடாமல் நிறுத்தும்.

அந்தப் புள்ளி விஷயம் எங்களிடமும் உண்டு. ஒற்றைப் புள்ளியை ஏற்காதபடி மாற்றினோம். மறுவாரம் பார்த்தால் எல்லாரும் இரண்டு புள்ளி வைத்திருக்கிறார்கள்.