எந்தச் சன்ஸ்கிரீன் பூசினாலும் மகளுக்குத் தடிக்கிறது, உதவுங்கள்

ஈசூன் அம்மா:
மகளுக்கு 9 வயது. கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே கரப்பான் (எக்சிமா என்னும் தோல் அரிப்பு). முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் வந்து வந்து போகும். சனிக்கிழமை காலை 11 மணிக்குத் திறந்தவெளிக் குளத்தில் நீச்சல் வகுப்பு. இதுவரை மூன்று சன்ஸ்கிரீன் வாங்கிவிட்டேன். மூன்றிலும் 'குழந்தைகளுக்கு உகந்தது' என்று எழுதியிருந்தது. மூன்றுமே மறுநாளுக்குள் கன்னத்தையும் கழுத்தையும் சிவக்கச் செய்தன. போன வாரம் இரவெல்லாம் சொறிந்தாள். பூசாமல் விட்டால் தோள் காந்துகிறது என்று அழுகிறாள். நீச்சலை நிறுத்தவும் மனம் வரவில்லை, அவளுக்கு அது உயிர்.

பாசிர் ரிஸ் அப்பா:
புட்டியின் முன்பக்கத்தை நம்பாதீர்கள் அக்கா, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சிலருக்கு ஒவ்வாமை தரும் ஆக்டோகிரிலீன், ஆக்ஸிபென்சோன் என்ற வெயில்தடுப்பு ரசாயனங்களோ வாசனைப் பொருளோ இருக்கின்றனவா? என் மகனுக்குத் துத்தநாக ஆக்சைடு மட்டும் உள்ளதுதான் ஒத்துக்கொண்டது. மாவு பூசியதுபோல் வெள்ளையாக நிற்கும், நிற்கட்டும். எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) 30க்குக் குறையாமல் வாங்குங்கள்.

ஈசூன் அம்மா:
பார்த்தேன். மூன்றிலும் ஆக்டோகிரிலீன், இரண்டில் வாசனையும் இருக்கிறது! புதிதாக வாங்குவதை எப்படிச் சோதிப்பது?

மருந்துக்கடை ஊழியர்:
கரப்பான் இல்லாத இடமாகப் பார்த்து, முன்கையின் உட்புறத்தில் ஒரு வெள்ளி (டாலர்) நாணயம் அளவுக்குப் பூசுங்கள். அதே இடத்தில் நாளுக்கு இரண்டு முறை, ஒரு வாரம். ஒரே நாளில் முடிவுக்கு வந்துவிடாதீர்கள், ஒவ்வாமை பொறுமையாகத்தான் கிளம்பும். சில வகை வெயில் பட்டால் மட்டுமே தெரியும் என்பதால், முதல் நாள் சிறிது நேரம் மட்டும் வெளியே விடுங்கள். இமை வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும். இதற்கும் அடங்காவிட்டால், பலதுறை மருந்தகத்தில் காட்டி, தேசியத் தோல் நிலையத்துக்குப் பரிந்துரை கேளுங்கள். எந்தப் பொருள் ஆகவில்லை என்பதைக் கண்டுபிடிக்க, சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை உதவும்.

பாசிர் ரிஸ் அப்பா:
முழுக்கை நீச்சலுடை போட்டுவிடுங்கள். பூச வேண்டிய இடமே பாதிக்கும் மேல் குறைந்துவிடும். நேரத்தையும் மாற்றப் பாருங்கள்; இங்கே சிங்கப்பூரில் மேகம் குறைந்த நாளில், நண்பகல் வாக்கில் புற ஊதாக் குறியீடு (வெயில் தோலை எவ்வளவு சுடும் என்பதன் அளவு) 11ஐயும் எட்டலாம், அது மிகக் கடுமை.

ஈசூன் அம்மா (மூன்று வாரத்துக்குப் பின்):
வகுப்பைக் காலை 8 மணிக்கு மாற்றிவிட்டேன். துத்தநாக ஆக்சைடு மட்டும் உள்ளதைக் கையில் ஒரு வாரம் சோதித்தேன், தடிப்பு இல்லை. குளத்திலும் இரண்டு சனிக்கிழமை ஆகிவிட்டது, இரவு நிம்மதியாகத் தூங்குகிறாள். காதுக்குப் பின்னால் மட்டும் லேசாகச் சிவக்கிறது. அங்கேதான் ரப்பர் தொப்பியின் விளிம்பு உரசுகிறது. அடுத்த வாரம் துணித் தொப்பி.