பியருக்குக் கேனா, பாட்டிலா? அடைக்கும் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொலராடோவிலிருந்து

டென்வருக்கு வடக்கே ஒரு சின்ன ப்ரூவரியில், அதாவது பியர் ஆலையில், பேக்கேஜிங் பார்க்கிறேன். ஆறு வருஷம் பாட்டில் அடைத்தோம், இப்போது மூன்று வருஷமாகக் கேன். புதிதாகத் தொடங்குகிற இரண்டு பேர் சமீபத்தில் இதே கேள்வியைக் கேட்டார்கள். எனக்கு நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

எங்கள் பக்கம் கேனுக்கு மரியாதை வந்ததே லயன்ஸ் என்ற சிற்றூரால்தான். அங்கிருந்த ஆஸ்கர் ப்ளூஸ் ப்ரூவரி, 2002-ல் தன் டேல்ஸ் பேல் ஏல் என்ற பியரைக் கேனில் அடைத்து விற்றது. கனடாவின் கல்கரியில் செய்த மேசைமேல் வைக்கும் மெஷின், ஒவ்வொரு கேனாகக் கையால் எடுத்து வைத்த வேலை. அதுவரை கேன் என்றாலே மலிவு பியர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

நாங்கள் மாறியதற்கு முதல் காரணம் வெளிச்சம். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸின் கசப்புப் பொருள்மேல் வெளிச்சம் பட்டால் அது உடைந்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றம் பிறக்கும். நாற்றத்தைப் பீச்சும் ஸ்கங்க் என்ற விலங்கு கடந்து போன தெருவில் நின்றவர்களுக்கு அது தெரியும். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுக்கும். பச்சைக் கண்ணாடி கொஞ்சம்தான் தடுக்கும், நிறமில்லாத கண்ணாடி ஏறக்குறைய ஒன்றுமே தடுக்காது. கேனுக்குள் வெளிச்சமே இல்லை. அப்புறம் எடை. 355 மில்லி பாட்டில் காலியாகவே சுமார் 200 கிராம், அதே அளவு கேன் 13 கிராம் சொச்சம். மலைக்குப் போகிறவர்கள் எதைத் தூக்குவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் முதல் வருஷமே அடி வாங்கினோம். கேனுக்குள் காற்று புகாது, அதனால் பியர் கெடாது என்று நம்பினோம். மூடி போட்ட பிறகு அது உண்மைதான். ஆக்சிஜன் நுழைவது மூடி விழுவதற்கு முந்தைய அந்த ஒரு நொடியில். பாட்டிலின் வாய் சிறியது. நல்ல பாட்டில் மெஷின், நிரப்பும் முன் உள்ளே இருக்கும் காற்றை இரண்டு முறை உறிஞ்சி எடுத்துவிடும். கேனில் அப்படிச் செய்ய முடியாது, சுவர் மெல்லிசு, உறிஞ்சினால் நசுங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடை ஊதிக் காற்றைத் தள்ள வேண்டும், பிறகு நுரை பொங்கி விளிம்புக்கு வரும்போது அந்த நுரைமேலேயே மூடி விழ வேண்டும். நுரை அடங்கி ஒரு பள்ளம் விழுந்தால், அந்தப் பள்ளம் முழுக்கக் காற்று.

எங்கள் கலங்கல் ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான பியர் வகை) அடைத்த ஐந்தாவது வாரம், கடையிலிருந்து ஒரு கேனைத் திரும்ப வாங்கி கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். மாம்பழச் சாறு நிறத்தில் இருந்த பியர், பழைய தேநீர் மாதிரி மங்கிப் பழுத்திருந்தது. ஹாப்ஸ் வாசனை போய், நனைந்த அட்டைப்பெட்டி வாசனையும் ஒரு தேன் இனிப்பும்தான் மிச்சம். அன்று மீட்டரை வாடகைக்கு எடுத்து அளந்தோம். மொத்த ஆக்சிஜன் பில்லியனுக்கு 180 பங்கு. இந்தத் தொழிலில் 50-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். மூடி விழும் இடத்தில் வாயு ஊதும் குழாய் ஒரு விரல் அளவு வளைந்திருந்தது, அவ்வளவுதான். அதை நிமிர்த்தி, பியரை 1 டிகிரிக்குக் குளிர வைத்து அடைத்ததும் 40-க்கு வந்தது. ஆனால் அந்த முழு பேட்சையும் கொட்டினோம். அதை ஊற்றின நாளில் யாரும் பேசவில்லை.

ஒன்ராறியோவிலிருந்து

நீங்கள் சொன்ன ஆக்சிஜன் சரி. எங்களை அடித்தது மூடி. 2020-ல் கொரோனா நேரம் ரின் (நீங்கள் சொல்லும் கேன்) தட்டுப்பாடு வந்தபோது, கிடைத்த மூடியை வாங்கினோம். கைக்கு ஒரே மாதிரித்தான் இருந்தது. ஆனால் விளிம்பின் வளைவு வேறு, அதற்கு சீமரில் (மூடியை மடித்து இறுக்கும் மெஷின்) சக்கும், அதாவது மூடியைப் பிடிக்கும் அச்சும், வேறு போட வேண்டும். நாங்கள் மாற்றவில்லை.

சீமரில் இரண்டு உருளை. முதலாவது மூடியின் விளிம்பை ரின் விளிம்புக்குக் கீழே சுருட்டும், இரண்டாவது அதை அழுத்தித் தட்டையாக்கும். உள்ளே இரண்டு கொக்கிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்க வேண்டும். எங்களுடையதில் கவ்வல் பாதிதான். வெளியில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பத்து நாளைக்குப் பிறகு குளிர் அறையில் அடியில் இருந்த பெட்டியைத் தூக்கினேன், அட்டையின் அடி கையோடு பிய்ந்து வந்தது. ஒட்டுகிற ஈரம், புளித்த மணம். மேல் வரிசை எல்லாம் நல்லாகத்தான் இருந்தது.

அன்று முதல் ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு ரின்னை எடுத்து, மூடியின் மடிப்பைக் குறட்டால் உரித்து, மைக்ரோமீட்டரால் அளக்கிறோம். போத்தலில் இந்தத் தலையிடி இல்லை. மூடி அழுத்தியது சரியா என்று ஒரு வளையத்தைப் போட்டுப் பார்த்தால் போதும். ஆனாலும் போத்தலுக்குத் திரும்ப வழியில்லை. எங்கள் மாகாணக் கடைகளில் சின்ன ப்ரூவரிக்கு அலமாரி கிடைப்பதே 473 மில்லி ரின்னுக்குத்தான், ஆட்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறார்கள்.

ஜெர்மனியிலிருந்து

ஃப்ரைசிங்கில் ப்ரூயிங் படிக்கிறேன், வார இறுதியில் ஒரு கிராமத்து ப்ரூவரியில் வேலை. இங்கே கணக்கே வேறு. பாட்டில் திரும்பி வரும். 20 பாட்டில் கொண்ட கிரேட் ஒன்றுக்கு 3.10 யூரோ முன்பணம்: பாட்டிலுக்கு 8 சென்ட், கிரேட்டுக்கு 1.50. கேனுக்கோ ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட், அது உருக்கப் போகிறது, மறுபடி நிரப்ப வராது. எங்கள் பியர் பக்கத்து ஊர்களைத் தாண்டிப் போவதில்லை. அதே பாட்டில் கழுவித் திரும்பத் திரும்ப நிரப்பப்படுகிறது, தோளில் வெள்ளை வளையமாகத் தேய்ந்த பாட்டில்களை நானே எடுத்து அடுக்கியிருக்கிறேன். எடையைப் பார்த்துக் கண்ணாடியைத் தள்ளிவிடாதீர்கள், எத்தனை கிலோமீட்டர் போகிறது, திரும்பி வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

மறுபடி கொலராடோவிலிருந்து

ஜெர்மனி நண்பர் சொன்னது எங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் இங்கே பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் பழக்கம் இல்லை. கழுவி நிரப்ப ஆள் இருந்தால் நானும் யோசித்திருப்பேன்.

பணத்தைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அச்சடித்த கேன் லாரிக் கணக்கில்தான் வரும், ஒரு லாரியில் இரண்டு லட்சம் கேன். 2022-ல் எங்கள் சப்ளையர் குறைந்தபட்ச ஆர்டரை ஒரு லாரியிலிருந்து ஐந்து லாரியாக ஏற்றிவிட்டார். பத்து லட்சம் கேனை வைக்க எங்களுக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. வெற்றுக் கேன் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். விலை கூடுதல், ஆனால் பருவத்துக்கு ஒரு புது பியர் போட முடிகிறது.

பாட்டிலை நான் முழுசாக விடவில்லை. சேசான் என்ற பெல்ஜிய வகையை 750 மில்லி தடிப்பாட்டிலில்தான் அடைக்கிறோம். கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடினால் உள்ளேயே மறுபடி நொதிக்கும். அந்த ஈஸ்ட் மிச்ச ஆக்சிஜனைத் தின்றுவிடும், வாயு அழுத்தம் ஐபிஏவைவிட மிக அதிகமாக ஏறும். அதே பியரை ஒரு முறை கேனில் போட்டுப் பார்த்தேன். ஆகஸ்ட் வெயிலில் வண்டிக்குள் இருந்த கேன்களின் அடி வெளியே பிதுங்கி, மேசையில் வைத்தால் ஆடியது.

போன வாரம் சேசான் அடைத்தோம். பாட்டில்கள் 22 டிகிரி அறையில் படுத்திருக்கின்றன. மூன்றாவது வாரம் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.