ரப்பர் விளைக்கு சைடு பை சைடு வண்டி: வாங்குமுன் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

குலசேகரத்திலிருந்து:

போன ஆனி மாதம் எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், ரப்பர் பால் வெட்டும் அண்ணன் நிறைந்த கேனோடு சரிவில் வழுக்கி விழுந்துவிட்டார். முழங்காலில் சவ்வு கிழிந்து மூன்று மாதம் படுக்கை. இருபது வருடமாக எங்கள் மரங்களை ஒவ்வொன்றாகத் தெரிந்தவர். அவர் நொண்டிக்கொண்டே மறுபடி வேலைக்கு வந்த அன்று, இனி யாரும் பாலைச் சுமந்து இறக்க வேண்டாம், ஒரு வண்டி வாங்குவோம் என்று சகோதரர்கள் மூவரும் முடிவெடுத்தோம்.

மூவருக்கும் சேர்த்து இருபத்திரண்டு ஏக்கர். பதினாலில் ரப்பர், மிச்சத்தில் அன்னாசி, மட்டி வாழை, கொஞ்சம் நல்லமிளகு. வெட்டு நாளில் 180 லிட்டர் வரை பால் வரும். நேரத்தோடு கீழே இறக்கி ஷீட்டு அடிக்கும் கொட்டகையில் சேர்க்காவிட்டால் கேனிலேயே உறையத் தொடங்கிவிடும். சாரல் பட்டால் இன்னும் சீக்கிரம். மேலே போகும் தடம் தட்டுத் தட்டாக வெட்டிய சரிவில் வளைந்து ஏறுகிறது. ஒரு பக்கம் மண் சுவர், மறு பக்கம் பள்ளம்.

வெளிநாட்டுப் பண்ணைகளில் ஓடும் சைடு பை சைடு வண்டிதான் முதலில் மனதில் வந்தது. முன்னால் இருவர் அருகருகே உட்காரலாம், பின்னால் சரக்குத் தொட்டி, தலைக்கு மேல் இரும்புக் கூண்டு. பொலாரிஸ் கம்பெனியின் ரேஞ்சர் வண்டிகளில் இரண்டைப் பார்த்தேன். 570 ஒற்றை சிலிண்டர், 44 குதிரைத்திறன், தொட்டியில் 227 கிலோ ஏற்றலாம். எக்ஸ்பி 1000 இரட்டை சிலிண்டர், 82 குதிரைத்திறன், தொட்டியில் 454 கிலோ. காகிதத்தில் பார்த்தால் பெரியதைத்தான் யாரும் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், டேப்பை எடுத்துக்கொண்டு தடத்தை அளக்கும்வரை. மேல் தட்டுக்குத் திரும்பும் இடத்தில் அகலம் ஆறடிகூட முழுசாக இல்லை. பெரிய வண்டியின் அகலமே ஐந்தடிக்கு மேல். சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண் மிஞ்சுமா என்றுகூடத் தெரியவில்லை. சிறியது ஐந்தடிக்குள் அடங்கும்.

பொன்முடிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் எஸ்டேட்டில் 570 இருக்கிறது. நாலு கேன் தண்ணீரை ஏற்றி, தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். ஹை கியரிலேயே மெதுவாக மேடேறினேன். பாதித் தூரத்தில் ரப்பர் கருகும் நாற்றம். வண்டிக்காரர் ஓடிவந்து நிறுத்தினார். இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஒரு ரப்பர் பெல்ட்தான் என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. பாரத்தோடு ஹையில் ஊர்ந்தால் பெல்ட் வழுக்கிச் சூடேறும், கொஞ்ச நாளில் அறுந்துவிடும். மேட்டில் ஏறும் முன்பே நிறுத்தி லோவில் போட வேண்டுமாம். லோவில் போட்டதும் அதே மேட்டில் அலுங்காமல் ஏறியது. இறக்கத்திலும் லோவில் வந்தால் என்ஜினே பிடித்துக்கொள்கிறது, பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

வேறொன்றையும் அன்றுதான் கண்டேன். ஒரு கேன் பாதிதான் நிரம்பியிருந்தது. வளைவில் அதற்குள் தண்ணீர் அலைந்தபோது வண்டியின் பின்பக்கமே ஒரு ஆட்டம் ஆடியது. நிறைந்த கேன்கள் அசையவே இல்லை. பெரிய பீப்பாய் ஒன்றில் பாதி பாலோடு இறங்க நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். சிறிய கேன்களை வாய்வரை நிரப்பிக் கட்டிவிடுங்கள்.

எல்லாம் பிடித்துப்போய்த் திரும்பி வரும்போதுதான் தம்பி கேட்டான்: "அண்ணே, நடுவில் பஞ்சாயத்து ரோடு இருக்கே, அதை எப்படித் தாண்டுவது?" எங்கள் விளை இரண்டு துண்டு. கொட்டகை ரோட்டுக்கு அந்தப் பக்கம். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி பொது இடத்தில் ஓடும் வண்டிக்குப் பதிவு கட்டாயம். இந்த வண்டிகளைச் சொந்த நிலத்துக்குள் ஓட்டுவதற்காகத்தான் விற்கிறார்கள். நம்பர் இல்லாமல் ரோட்டில் யார் மீதாவது பட்டால் காப்பீடும் கிடையாது. இருபதடி ரோடுதானே என்று கண்ணை மூடிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பொலாரிஸ் தங்கள் ஸ்போர்ட்ஸ்மேன் 570ஐ டிராக்டர் வகையில் பதிவு செய்யும்படி இந்தியாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அது பைக் போலக் கால் போட்டு உட்காரும் நாலு சக்கர வண்டி. எங்களுக்கு வேண்டிய தொட்டி அதில் இல்லை.

இதில்தான் நிற்கிறேன். ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

ஓமானில் ஒன்பது வருடம் சைட்டில் இருந்தேன். கவாசாகி மியூல் டீசல் வண்டியில்தான் ஆட்களையும் கருவிகளையும் ஏற்றிப் போவோம். 993 சிசி, மூன்று சிலிண்டர். வேகம் இல்லை, ஆனால் இழுக்கும். அண்ணே, நீங்கள் குதிரைத்திறனை விட்டுவிட்டு அகலத்தை அளந்ததே பாதி வேலை. மீதிக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, பழைய வண்டி பார்த்தால் கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரைப் பாருங்கள். நாள் முழுக்க ஊர்ந்தே வேலை செய்யும் வண்டி இது. ஓடிய தூரம் குறைவாகக் காட்டும், என்ஜின் தேய்ந்திருக்கும். ஆயில் மாற்றுவதும் மணிக்கணக்கில்தான். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, ஃபில்டரைத் தாண்டிய குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மண் ஒட்டினால் அந்த வண்டி வேண்டாம்.

இன்னொன்று பாரக் கணக்கு. தொட்டிக்கு ஒரு அளவு, மொத்த வண்டிக்கு ஒரு அளவு என்று தனித்தனியாக இருக்கும். மொத்த அளவில் ஓட்டுபவரும் பக்கத்தில் இருப்பவரும் சேர்த்தி. யூரியா மூட்டை 45 கிலோ, ஐந்து மூட்டை ஏற்றினாலே 570இன் தொட்டி நிறைந்துவிடும். பால் 180 லிட்டருக்குக் கேன் எடையையும் கூட்டினால் நீங்களும் விளிம்பில்தான் நிற்கிறீர்கள்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று. எங்கள் சைட்டில் ஒரு வண்டி மணல் மேட்டில் பக்கவாட்டில் சாய்ந்தது. சீட் பெல்ட் போட்டிருந்தவர் கூண்டுக்குள் அப்படியே இருந்தார், ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் இருந்தவர் பெல்ட் போடவில்லை. வண்டி சாய்வதைத் தடுக்கக் கையை வெளியே ஊன்றினார். அந்தக் கை இன்றும் சரியாக மடங்காது. உங்கள் பால் வெட்டும் அண்ணனுக்கு முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கடையாலுமூட்டிலிருந்து:

அப்பாவின் ஜீப் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது, அதனால் எழுதுகிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் ரப்பரில் பாதி முறிந்து விழுந்தது. தடம் எங்கும் மரம். அறுத்த துண்டுகளைச் சங்கிலி போட்டு இழுத்தது அந்த ஜீப்தான். ஃபோர் வீலில், லோவில், அப்பா கிளட்சை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார், அது பாட்டுக்கு இழுக்கும். கருகப் பெல்ட் கிடையாது. ஜங்ஷனில் எந்த ஒர்க் ஷாப்பிலும் பாகம் கிடைக்கும். டிஎன் 74 என்று நம்பர் போட்ட, பதிவான வண்டி, ரோட்டைத் தாண்டலாம், சந்தைக்கும் போகலாம்.

ஒரு சங்கதி தெரியுமா அண்ணா? மஹிந்திரா நம் பழைய ஜீப் வடிவத்தையே 2018இல் அமெரிக்காவில் ராக்ஸர் என்று பெயரிட்டு சைடு பை சைடாக விற்கத் தொடங்கியது. அங்கே அது ரோட்டில் ஓடாத பண்ணை வண்டி. இங்கே அதன் அண்ணன் தம்பிகள் நம்பரோடு ஓடுகின்றன.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஜீப் கனம் அதிகம். ஐப்பசி மழையில் ஒரே தடத்தில் நாலு தடவை போனால் சக்கரம் போன இடம் ஓடை ஆகிவிடும், அடுத்த மழையில் தட்டே கரையும். குலுக்கலும் அதிகம். எனக்கு முதுகு வலி வந்த பிறகு நான் ஓட்டுவதை விட்டுவிட்டேன். அந்த விதத்தில் சைடு பை சைடு எவ்வளவோ மேல்.

ராஜாக்கமங்கலத்திலிருந்து:

கடற்கரையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி. மணலில் ஓட்டினால் டயரில் காற்றைக் குறையுங்கள், கடல் நீர் பட்ட அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். அப்புறம், வாங்குமுன் பாகம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். ஐஷரும் பொலாரிஸும் சேர்ந்து 2015இல் கொண்டுவந்த, ஆளும் சரக்கும் ஏற்றும் மல்டிக்ஸ் வண்டி நல்ல யோசனைதான், ஆனால் 2018இல் அது நின்றுபோனது.

குலசேகரத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மூவரும் மறுபடி உட்கார்ந்தோம். ரோடு மட்டும் இல்லையென்றால் எனக்கு இன்றும் 570தான் பிடித்த வண்டி, அதை மறைக்கவில்லை. இப்போதைக்கு நம்பர் உள்ள பழைய ஜீப் ஒன்றைத் தேடுகிறோம். தட்டு கரையாமல் இருக்க, திரும்பும் மூன்று இடங்களில் கல் பதித்து, ஓரமாகத் தண்ணீர் வடியச் சாலும் எடுக்கிறோம்.

கடையாலுமூட்டுத் தங்கச்சி, அப்பாவிடம் கேட்டுச் சொல்லம்மா. ஞாயிற்றுக்கிழமை ஜீப்போடு எங்கள் விளைக்கு வர முடியுமா? ஆறு கேன் நிறையத் தண்ணீர் பிடித்து வைக்கிறேன். பால் வெட்டும் அண்ணனும் வருகிறார். மேல் தட்டு வரை அவரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம் என்றிருக்கிறோம். மழை பெய்தாலும் வாருங்கள், அந்தச் சரிவை மழையில்தான் பார்க்க வேண்டும்.