குன்னூர் எறங்கி வந்த பொறவு 80-ல ஸ்டியரிங் ஆடுது: டிஸ்க் பெண்டா, பேடு கோளாறா?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், 62,000 கி.மீ. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். மாசம் ரெண்டு தடவை மேட்டுப்பாளையம் - குன்னூர் ஏறி எறங்கற வண்டி. எட்டு மாசம் முன்னாடி முன் பேடு (டிஸ்க்கைக் கவ்வற பிரேக் கட்டை) மாத்துனது. இப்ப அவிநாசி ரோட்டுல 80, 90-ல பிரேக் புடிச்சா ஸ்டியரிங் ஆடுது, பெடல் காலை ஒதைக்குது. 40-க்குக் கீழ ஒண்ணும் தெரியல. பிரேக்ல கால் வெக்கலைன்னா ஆட்டமே இல்ல. பட்டறையில "டிஸ்க் பெண்டு, ரெண்டையும் மாத்திருங்க, செராமிக் பேடு போட்டுக்கங்க"ங்கறாங்க. லேத்துல கடைஞ்சாப் போதாதா? மலைக்கு எந்தப் பேடு சரி? மறுபடி இப்படி ஆகாம இருக்க என்ன பண்ணோணும்?

ஒண்டிப்புதூர் லேத்து

பிரேக் புடிச்சா மட்டும் ஆடுதுன்னா பேலன்சிங், அலைன்மென்ட்டுக்குக் காசு குடுக்காதீங்க. ஸ்டியரிங்ல தெரியறது முன் டிஸ்க். சந்தேகம் இருந்தா, ஆளில்லாத நேர் ரோட்டுல 40, 50-ல ஹேண்ட்பிரேக் பட்டனை அமுக்கிப் புடிச்சபடியே லேசா இழுத்துப் பாருங்க. அப்ப சீட்டுக்கடியில குதிச்சா பின் டிரம் வட்டம் கெட்டிருக்கு.

"பெண்டு"ங்கற வார்த்தைதான் எல்லாரையும் குழப்புது. டிஸ்க் வார்ப்பிரும்பு. தகரத்தட்டு மாதிரி சூட்டுல நெளிஞ்சு போறது அபூர்வம். நடக்கறது வேற. ஹப்புக்கும் (வீலும் டிஸ்க்கும் மாட்டற நடுப்பாகம்) டிஸ்க்குக்கும் நடுவுல துருவோ மண்ணோ சிக்கி, டிஸ்க் மயிரிழை சாஞ்சு உக்காருது. பிரேக்கே புடிக்காம ஓடறப்பவும் ஒவ்வொரு சுத்துக்கும் அதே இடம் பேடுல ஒரசும். சில ஆயிரம் கி.மீ. போனா அந்த இடம் மட்டும் தேஞ்சு கனம் கொறையும். கனம் மாறுனா பேடு உள்ள வெளிய போகும், பேடைத் தள்ளற பிஸ்டனும் கூடவே போகும், பெடல் ஒதைக்கும். பேடு மாத்தி மாசக்கணக்குல கழிச்சு ஆட்டம் ஆரம்பிக்கறது இதுக்கே உண்டான அடையாளம்.

இன்னொண்ணு பேடோட பூச்சு. சூடா இருக்கற டிஸ்க்கை பேடு கவ்விக்கிட்டு நின்னா, அந்த இடத்துல மட்டும் பேடு மாவு திட்டா ஒட்டிக்கும். மேல மேல அதே திட்டு அதிகமாச் சூடாகி, 650, 700 டிகிரியைத் தாண்டுனா அங்க இரும்பே மாறி சிமென்டைட்டுன்னு கண்ணாடி மாதிரிக் கெட்டியாயிரும். நீலம் பாய்ஞ்ச திட்டு தெரிஞ்சா அதைத்தான் சந்தேகப்படோணும்.

80, 90-ல மட்டும் ஏன்னா, டயர் ஒரு சுத்துக்கு சுமார் 1.8 மீட்டர் போகும். 90-ல செகண்டுக்கு 14 சுத்து. அந்த ஒதை சஸ்பென்ஷனோட சொந்த ஆட்டத்தோட ஒத்துப்போற வேகத்துல பெருசாத் தெரியும்.

மாத்தறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. மேக்னெட் ஸ்டாண்டுல டயல் கேஜ் (மயிரிழை ஆட்டத்தையும் முள்ளுல காட்டற அளவுகோல்) வெச்சு, டிஸ்க்கை நட்டு வாஷர் போட்டு ஹப்போட இறுக்கி, ஓரத்துல இருந்து 10 மி.மீ. உள்ள தள்ளி முள்ளை வெச்சுச் சுத்துங்க. 0.05 மி.மீ.க்குள்ள இருக்கோணும். பொறவு மைக்ரோமீட்டர்ல எட்டு இடத்துல கனம் பாருங்க. வித்தியாசம் 0.015-ஐத் தாண்டுனாலே கைக்குத் தெரிய ஆரம்பிக்கும். வெர்னியர் வேண்டாம். அதோட தாடை டிஸ்க்கோட ஓர வரப்புல உக்காந்து கனத்தைக் கூட்டிக் காட்டும்.

ஆழியாறு வளைவு

பேடு விஷயத்துக்கு மொதல்ல சூட்டுக் கணக்கைப் பாருங்க. வண்டியும் ஆளுமா 1200 கிலோ. குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1500 மீட்டர் எறக்கம். இதுல வெளிய வர சக்தி 18 மெகாஜூல் கிட்ட, கரண்ட் கணக்குல அஞ்சு யூனிட். 100-ல இருந்து சுத்தமா நிறுத்தற பிரேக்கை 38 தடவை புடிக்கற அளவு. எஞ்சின் எவ்வளவு வாங்கிக்குதோ அது போக மிச்சம் பூரா பிரேக்குக்குத்தான்.

ஆர்கானிக் பேடு மிருது, சத்தம் இல்ல, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது. டவுனுக்குள்ள ஓடற வண்டிக்கு அதுவே போதும். தொடர்ந்து 300 டிகிரிக்கு மேல போனா உள்ள இருக்கற பிசின் வாயுவாக் கெளம்பி, பிடி கொறையும், டிஸ்க்ல அப்பிக்கவும் செய்யும். செமி மெட்டாலிக்ல இரும்பு நாரும் தூளும் கெடக்கறதால சூட்டுக்கு அசராது. ஆனா காலையில மொத பிரேக் கொஞ்சம் மந்தம், சத்தம் வரும், வீல் கருப்பாகும், டிஸ்க் வெரசாத் தேயும். ரெண்டுக்கும் நடுவுல லோ மெட்டாலிக்குன்னு இருக்கு. மாசம் ரெண்டு தடவை மலைக்குப் போற சின்ன வண்டிக்கு என் ஓட்டு அதுக்குத்தான்.

சில பேடோட முதுகுலயோ ஓரத்துலயோ ரெண்டு எழுத்து அச்சடிச்சிருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டுல உராய்வு, ரெண்டாவது அதிக சூட்டுல. ஈ-ன்னா 0.25 - 0.35, எஃப்-ன்னா 0.35 - 0.45, ஜி-ன்னா 0.45 - 0.55. எஃப்எஃப் இருந்தா மலைக்கு நம்பலாம். எஃப்ஈ-ன்னா சூடானதும் பிடி எறங்கற ஜாதி, அதை எடுக்காதீங்க.

நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்கண்ணா. செராமிக் வெலை கிட்டத்தட்ட டபுள் சொல்றாங்க. அதைப் போட்டா டிஸ்க் பெண்டாகாதுன்னு உறுதியாச் சொல்றாங்களே?

ஈரோட்டு ஸ்பேனர்

அந்த உறுதியை நம்ப வேண்டாம் தம்பி. செராமிக்கோட நல்லது: மாவு கம்மி, அலாய் வீல் சுத்தமா இருக்கும், சத்தம் கம்மி, ரொம்ப நாள் ஒழைக்கும். ஆனா பேடு வழியாச் சூடு கம்மியாத்தான் போகும், பாக்கி டிஸ்க்லயே தங்கும். பிரேக் ஆயிலுக்கு அது நல்லது, டிஸ்க்குக்கு இல்ல. சாஞ்சு உக்காந்த டிஸ்க்குக்கு எந்தப் பேடு போட்டாலும் ஆறு மாசத்துல அதே ஆட்டம்தான். காசு மாட்டற வேலைக்குப் போகட்டும்.

மாட்டறப்போ ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால பளபளன்னு தேய்க்கோணும், போல்ட்டைச் சுத்தி இருக்கற வளையமும் சேத்து. எல்லாரும் விடற இடம் அதுதான். டிஸ்க்கோட உள்பக்கமும் அதே மாதிரி. ஹப்புல 0.02 துரு இருந்தா, டிஸ்க் ஓரத்துக்கு வர்றப்போ அது ரெண்டு பங்குக்கு மேல ஆயிரும். புது டிஸ்க்குன்னா துரு வராம இருக்கத் தடவுன எண்ணெயை பிரேக் கிளீனர் போட்டு எடுங்க. பழைய டிஸ்க்ல புது ஜாதிப் பேடு போடறதுன்னா, பழைய பூச்சை 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாள்ல குறுக்கும் நெடுக்குமாத் தேச்சு எடுத்துட்டுப் போடுங்க.

காலிப்பர் (பேடைப் புடிச்சிருக்கற கவ்வி) பின் ரெண்டும் கையால தள்ளுனா வழுக்கிக்கிட்டுப் போகோணும். ஒண்ணு சிக்குனா உள்பேடு தேஞ்சு வெளிப்பேடு அப்படியே நிக்கும். சிலிகான் பிரேக் கிரீஸ் மட்டும் போடுங்க. வீல் பேரிங் கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிப் பின்னைக் கவ்விக்கும். ரெண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்காது, ரப்பர் புஷ் உள்ளதை எடம் மாத்திராதீங்க. வேலை முடிஞ்சு வண்டியை நகத்தறதுக்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தடவை அமுக்கிப் பிஸ்டனை வெளிய கொண்டாந்துருங்க. இதை மறந்தா மொத பிரேக் தரையைத் தொடும்.

பொறவு வீல் நட்டு. ஏர் கன்ல டர்ர்னு ஒரே மூச்சுல ஏத்துனா ஒரு நட்டு 60, ஒரு நட்டு 180 நியூட்டன் மீட்டர் இறுக்கத்துல நிக்கும். டிஸ்க் கோணிக்கிட்டு உக்கார அது போதும். வீல் தொங்கறப்பவே எதிரெதிர் நட்டா ரெண்டு சுத்துல டார்க் ரெஞ்ச்சால ஏத்துங்க. உங்க வண்டி அளவு கையேட்டுல இருக்கும், சின்ன வண்டிக்குப் பெரும்பாலும் 85-ல இருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள. ரெஞ்ச் இல்லைன்னா, 30 செ.மீ. ஸ்பேனர் நுனியில 34 கிலோ அழுத்துனா 100 வரும். ஸ்பேனர் மேல ஏறி மிதிக்கறதெல்லாம் வேண்டாம். பஞ்சர் கடையில டயர் கழட்டி மாட்டுனாலும் ஒருக்கா தளர்த்தி இதே மாதிரி இறுக்குங்க.

பிரேக் ஆயில் ரெண்டு வருசம் ஆச்சுன்னா மாத்திருங்க. டாட் 3-ங்கற ஜாதி ஆயில் புதுசுல கொதிக்கறது 205 டிகிரி, ஈரம் ஏறுனா 140-லயே கொதிச்சுரும். டாட் 4-க்கு 230, 155. மலையில பெடல் மெத்து மெத்துன்னு போறது இதனாலதான்.

ஆழியாறு வளைவு

புதுப் பேடோட நேரா மலைக்குப் போயிராதீங்க. வெடிகாலையில பைபாஸ்ல 60-ல இருந்து 15 வரைக்கும் மிதமான பிரேக், பத்து தடவை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அரை கி.மீ. சும்மா ஓட்டம். நடுவுல எங்கயும் சுத்தமா நிறுத்தக் கூடாது. அப்புறம் பத்து கி.மீ. முடிஞ்ச வரை பிரேக் தொடாம ஓட்டி ஆற விடுங்க. டிஸ்க் பூரா ஒரே சாம்பல் நிறமாப் பூச்சு உக்காரும்.

எறக்கத்துல செகண்ட் கியர், ஹேர்பின்ல தேவைன்னா ஃபர்ஸ்ட். நியூட்ரல்ல உருட்டுனா பெட்ரோல் மிச்சம்னு ஒரு பேச்சு ஓடுது, அது தப்பு. இப்பத்த இன்ஜெக்‌ஷன் வண்டி கியர்ல எறங்கறப்போ பெட்ரோலை நிறுத்திரும். நியூட்ரல்லதான் எஞ்சின் ஐடில்ல குடிச்சுக்கிட்டு இருக்கும். பிரேக்கை நல்லா மூணு நாலு செகண்ட் புடிச்சு 40-ஐ 25 ஆக்கி முழுசா விட்டுருங்க. லேசா மிதிச்சபடியே வர்றதுதான் டிஸ்க்கைச் சுடற வேலை.

கீழ வந்ததும் செக்போஸ்ட் வரிசையில, கல்லாறா இருக்கட்டும் பண்ணாரியா இருக்கட்டும், பிரேக்கை அமுக்கியே நிக்காதீங்க. பேடு அச்சுக் குத்தறது அங்கதான். சமதளம்னா காலை எடுத்துட்டு ஹேண்ட்பிரேக் போடுங்க. உங்க வண்டிக்கு அது பின் டிரம்முக்குத்தான், முன் டிஸ்க்கைத் தொடாது. நடுவழியில கருகுன வாசம் வந்தா அகலமான எடத்துல ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, ரிவர்ஸ் கியர், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்கு ஒரு கல்லு, இருபது நிமிசம். தண்ணி ஊத்தாதீங்க. மேட்டுப்பாளையம் வந்ததும் வாட்டர் சர்வீஸ் விடற பழக்கமும் வேண்டாம்.

நொய்யல்கரை

அளந்தாச்சுங்க. எடது டிஸ்க் ஆட்டம் 0.11, கன வித்தியாசம் 0.02. வலது 0.03, 0.008. எடது கனம் 17.4, வலது 17.5, டிஸ்க்ல மினிமம் 16-ன்னு அச்சு. நீலத் திட்டு இல்ல. ஹப்பைத் தேச்சு, டிஸ்க்கை ஒரு போல்ட் ஓட்டை தள்ளி மாட்டுனா எடது 0.04-க்கு வந்துருச்சு. கடையோணுமா?

ஒண்டிப்புதூர் லேத்து

ஆட்டம் அடங்கிருச்சு, ஆனா 0.02 கன வித்தியாசம் அப்படியே இருக்கு, அது தானாப் போகாது. ரெண்டு டிஸ்க்கையும் கடைசலுக்குக் குடுங்க, ஒரு பக்கத்துக்கு 0.1. மினிமத்துக்கு மேல ஒரு மில்லி மிஞ்சும், புது டிஸ்க் இப்ப வேண்டாம். ரெண்டு முகத்தையும் ஒரே செட்டிங்ல, சக்குல இருந்து கழட்டாமக் கடையச் சொல்லுங்க. திருப்பிப் புடிச்சாங்கன்னா புதுசா ஒரு கோணல் சேந்துக்கும். இப்ப இருக்கற போல்ட்டுக்கும் ஓட்டைக்கும் பெயிண்ட்ல புள்ளி வெச்சுட்டுக் கழட்டுங்க. திரும்ப மாட்டறப்போ அதே ஓட்டை, ஆனா டயல் கேஜை மறுபடி வெச்சு 0.05-க்குள்ள இருக்கான்னு பாத்துட்டுத்தான் காலிப்பர் ஏத்தோணும். கடைஞ்ச டிஸ்க்கை சோப்புத் தண்ணியில கழுவித் தொடைச்சுருங்க, பிசிறுத் தூள் பேடுல குத்திக்கும்.