ரீகால்ல (கோளாறுன்னு கம்பெனியே வண்டியத் திரும்பக் கூப்பிடறது) "கனெக்டர் செக் ஓகே"னு திரும்பி வந்த வண்டிங்க – பாத்தவங்க எழுதுங்க

ஈவி_செந்தில்:
2022 ஏப்ரல்ல ஒகினாவா ப்ரைஸ் ப்ரோ எலக்ட்ரிக் ஸ்கூட்டர் 3,215 வண்டிய லூஸ் கனெக்டர் பாக்கக் கூப்பிட்டாங்கல்ல, அந்தக் கோளாறு அவங்களோட நிக்கல. இப்ப பிரிச்ச வண்டி வேற கம்பெனி. ஜாப் கார்டுல (சர்வீஸ் சீட்டுல) "செக் ஓகே". பேட்டரி ப்ளக் வெளிய புதுசாட்டம் இருக்கு. உள்ள பாசிட்டிவ் பின் நீலம் பாரிச்சு, ஹவுசிங் இளகிப் பின்னோட ஒட்டிக் கிடக்கு. மைனஸ் பக்கம் பளபளன்னு. தொடுற இடத்துல 10 மில்லி ஓம் கூடினாலே, 30 ஆம்ப் இழுக்கும்போது 9 வாட் சூடு. சுண்டுவிரல் அகலம் கூட இல்லாத பின்னுக்கு அது ஜாஸ்தி.

மல்டிமீட்டர் மணி:
ஓகேன்னு எழுதினதுக்குக் காரணம் இருக்கு. சென்டர் ஸ்டாண்டுல நிறுத்தி ஆக்சிலேட்டர் திருகினா சக்கரம் சும்மா சுத்தும், சில ஆம்ப்தான் இழுக்கும். ப்ளக்குக்குக் குறுக்கே வோல்ட் பாத்தா ஒண்ணுமே தெரியாது. ரெண்டு பேர் ஏறி மேட்டுல பத்து நிமிஷம் ஓட்டிட்டு, இறங்கின உடனே ரெண்டு ஒயரையும் ப்ளக் பக்கத்துல தொட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் சுட்டா அதுதான். இறுக்கி மாட்டினா சரியாகாது, சூடுபட்ட ஸ்பிரிங் தளந்தது தளந்ததுதான். பின், ஹவுசிங் ரெண்டும் புதுசு. கருத்த ஒயரை நல்ல செம்பு தெரியுற வரைக்கும் வெட்டிட்டு கிரிம்ப் பண்ணணும் (பின்னை ஒயரோட நசுக்கி இறுக்கணும்).

புல்லட்_வயரிங்:
2021 மே ராயல் என்ஃபீல்ட் ரீகால யாரும் பேசல. மீட்டியோர், கிளாசிக், புல்லட் சேத்து 2,36,966 வண்டி, இக்னிஷன் காயில் (இன்ஜின்ல தீப்பொறிக்குக் கரண்ட் குடுக்குறது) கோளாறு. காயில் புதுசு போட்டும் ஒயர் உருகின வண்டி இருக்கு. டேங்க்க தூக்கினா காயில் சப்ளைலயே ரெண்டு 55 வாட் ஃபாக் லாம்ப் ஒட்டுப் போட்டிருக்கு. 9 ஆம்புக்கு மேல! ஃப்யூஸ் போகுதேன்னு 30 ஆம்ப் ஃப்யூஸ். ரிலே (சின்னக் கரண்ட்ல பெரிய கரண்ட்ட ஆன் பண்ற சுவிட்ச்) வச்சு பேட்டரில இருந்து தனி ஃப்யூஸோட இழுத்திருந்தா வம்பே இல்ல.

பேட்டரி பாபு:
செந்தில் அண்ணே, ப்ளக் கதை ஓடும்போது சரி. வீட்டுல சார்ஜ் போடும்போது எரியுறதுக்கு அது எப்படிப் பொருந்தும்? சார்ஜிங் 5 ஆம்ப்னு வச்சா அதே 10 மில்லி ஓம்ல கால் வாட்தான். அங்க பாக்க வேண்டியது பேட்டரி பேக்குக்குள்ள வரிசையா இருக்குற செல். ஒரு வரிசை மட்டும் 4.2 வோல்ட்டத் தாண்டும்போது பிஎம்எஸ் (பேட்டரியக் கண்காணிக்குற போர்டு) சார்ஜ அறுக்கலைன்னா முடிஞ்சுது. பேக்குக்குள்ள தண்ணி போனா இன்னும் மோசம். ரீகாலுக்கு விட்டா செல் வோல்ட்டேஜ் ரிப்போர்ட் கேளுங்க. முழு சார்ஜ்ல ஒரு வரிசை மட்டும் தனியா விலகி நின்னா பேக்கையே மாத்தச் சொல்லுங்க. கேக்காமலே சொல்றேன்: ஓட்டி வந்த சூட்டோட சார்ஜ் போடாதீங்க, ஒரு மணி நேரம் ஆறட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். வாசக்கதவுக்கும் மாடிப்படிக்கும் நடுவுல நிறுத்தவே நிறுத்தாதீங்க. 2022 மார்ச்ல வேலூர்ல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிஞ்சப்ப அப்பாவும் பொண்ணும் இறந்தது புகைல மூச்சு முட்டி.

செகண்ட்ஹேண்ட்_சேலம்:
ரீகால் கடிதம் ஆர்சில இருக்குற பேருக்குத்தான் போகும். பேர் மாத்தாம ஓட்டுறவங்களுக்கு எதுவும் வராது. 17 எழுத்து சேசிஸ் நம்பரச் சொல்லி சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. ரீகால் வேலைக்குக் காசு கிடையாது.

ஈவி_செந்தில்:
பாபு சொன்னது சரி, ஆனா அந்த இளகின ப்ளக் வண்டில சார்ஜரும் அதே பின் வழியாத்தான் போகுது. பின் ஆட ஆட சார்ஜ் விட்டு விட்டு ஏறியிருக்கு. அந்தப் பேக்கோட செல் வோல்ட்டேஜ எடுத்துட்டுப் போடறேன்.